கேனரியைக் கொன்றது யார்?

மீனலோசனி அம்மாவின் ஆசிரமம் சிறுமலை அடிவாரத்தில் இருந்தது. ஏழே பேர். அவர்களில் வயதில் மூத்தவர் சபாரத்தினம். முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, சீடராக வந்தவர். அவருக்கு அறுபத்திரண்டு. குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் கூண்டில் ஒரு கேனரியும் கொண்டு வந்தார். மஞ்சள் குருவி. விடிந்ததும் தொண்டையை உப்பிக்கொண்டு பாடும். பாடி முடியும்வரை சபாரத்தினம் பாதிச் சவரத்தோடு, நுரை காய்வது தெரியாமல் நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அது பாடவில்லை. கூண்டின் அடியில் கால்களை மடக்கிக் கிடந்தது. அதற்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை.

சபாரத்தினம் அழவில்லை. கூண்டை யாரும் தொடக்கூடாது என்றார். தண்ணீரை முகர்ந்து பார்த்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். தட்டில் தினைக்கு நடுவே நாலைந்து அரிசிக் குறுணை கிடந்தது. அவர் அரிசி போடுவதே இல்லை.

முதலில் சமையல் செய்யும் பூரணத்தைக் கூப்பிட்டார்.

"நேத்து சாம்பிராணி போட்டீங்களா?"

"வியாழக்கிழமைதோறும் போடறதுதானே சார்."

"ஜன்னல் திறந்திருந்துதா?"

"ஞாபகம் இல்லையே."

"நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இல்லையா?"

பூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புகையாலா, பயத்தாலா என்று சபாரத்தினம் கூர்ந்து பார்த்தார். அன்று மதியம் அவள் பரிமாறிய ரசத்தை அவர் தொடவில்லை.

கிணற்றடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அதையும் மனசில் வைத்துக்கொண்டார்.

கடைசியாகத் திருவேங்கடத்திடம் போனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தியானத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கூண்டைப் பின்பக்கம் மாற்றுங்கள் என்று இரண்டு தடவை கேட்டவர். குருவி செத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனவர்.

"தட்டுல அரிசி கிடந்தது. யார் போட்டது?"

திருவேங்கடம் தரையைப் பார்த்தார். "நான்தான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. நீங்க ஓடைக்குக் குளிக்கப் போறப்ப. அதுக்குப் பிடிச்சுது. என் விரல்கிட்ட வரும்."

"சத்தம் இடைஞ்சல்னு சொன்னவர் நீங்க."

"ஆமா. சொன்னேன்."

சபாரத்தினத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. செத்த பறவையை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவிடம் போனார். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு அவர் போகணும், இல்ல நான் போறேன். அவரே ஒத்துக்கிட்டார்மா."

திருவேங்கடம் அதற்குள் துணிப்பையோடு வாசல் கேட் பக்கம் போய் நின்றிருந்தார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் இல்ல. நான்தான் கொன்னேன்."

சபாரத்தினம் ஆச்சரியப்படவில்லை. அவருடைய பட்டியலில் அம்மாவும் இருந்தாள். எதிரே உட்கார்ந்தார். குரல் மாறியது.

"எப்போ?"

"வியாழக்கிழமை மத்தியானம். நீங்க தூங்கறப்ப."

"எப்படி?"

"கையில எடுத்துப் பாக்கலாம்னு ஆசை. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டேன்."

"எந்தக் கதவு வழியா எடுத்தீங்க?"

"மேல் கதவு."

"அந்தக் கூண்டுக்கு மேல கதவே கிடையாது."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"பொய் சொல்றீங்க" என்றார் சபாரத்தினம்.

"ஆமா."

"எதுக்கு?"

"நான்தான்னு சொன்னதும் உங்களுக்கு மூச்சு சீரா வந்துது. மூணு நாளா அப்படி வரல."

அவர் டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கோபம் வந்தது. எழுந்து போகத் தோன்றியது. போகவில்லை.

"உங்க வீட்டம்மா இறந்தப்ப யாரைச் சந்தேகப்பட்டீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"டாக்டரை. அப்புறம் நர்ஸை. அப்புறம் மருந்துக் கடைக்காரனை."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு வருஷம். மனு மேல மனு."

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் இல்ல. அவளுக்குப் பிறவியிலேயே இதயம் பலவீனம். யார் மேலயும் தப்பு இல்லைன்னு ஆச்சு. நாப்பத்தஞ்சு வயசும்மா."

"எப்ப அழுதீங்க?"

சபாரத்தினம் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

"நேரம் கிடைக்கல" என்றார்.

அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கேட்டைப் பார்த்து, "திருவேங்கடம், பையை உள்ள வெச்சுட்டு மண்வெட்டியைக் கொண்டாங்க" என்றாள்.

திருவேங்கடம் மண்வெட்டியோடு வந்து தயங்கி நின்றார். சபாரத்தினம் அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பழைய பழக்கம். அந்த முகத்தில் தேடியது எதுவும் இல்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது.

"உங்க விரல்கிட்ட நெசமாவே வந்துதா?" என்று கேட்டார்.

"வந்துது சார். கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டும்."

மாதுளைச் செடிப் பக்கம் குழி வெட்டினார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் மண்ணை அள்ளினார். சபாரத்தினம் பறவையைத் தன் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்தார். மண்ணைத் தள்ளிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"அப்ப யாருமே கொல்லலையாம்மா?"

"யாரும் கொல்லல."

"யாருமே இல்லைன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அம்மா அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"கேக்க வேண்டாம். இங்க நேரம் நிறைய இருக்கு. உட்காருங்க."