பந்துக்கு முன்னே விரிந்த தோகை

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அதற்கு ஒரு கிரிக்கெட் குழுவும் இருந்தது. சும்மா குழு இல்லை, நல்ல குழு. அதைப் பற்றிச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஓடைக்கு அக்கரையில் இன்னொரு பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும்தான். ஒன்பது ஆண்டுகளாக அக்கரையே ஜெயித்தது. பலாமரக் கோப்பையைப் பளபளவென்று துடைத்து, இக்கரைக்குத் தெரியும்படி ஜன்னலில் வேறு வைத்திருந்தது. வகுப்புக்குப் போகும்போதெல்லாம் நம் குழு அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தது.

இந்த ஆண்டு கதையே வேறு. ஆறு ஆட்டங்கள், ஆறிலும் வெற்றி! எல்லாம் மயிலின் மட்டை செய்த வேலை. பவுண்டரி அடித்த கையோடு மயில் தோகையை விரிக்கும். மைதானமே கைதட்டும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும், காலில் கட்டிய காப்புப் பட்டையைக் கழற்றாமல் பத்து ஓட்டம் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் மட்டை கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து!

"நான் பவுண்டரி அடிக்கிறவன். எனக்கு எதற்கு ஓட்டம்?" என்றது மயில்.

"சரி, பந்து எல்லையைத் தாண்டும் வரையாவது தோகையை மடக்கி வை" என்றது கேப்டன் கரடி.

"ஆறு ஆட்டம் ஜெயித்த தோகை, கேப்டன்! அதற்குப் போய்ப் பாடம் எடுக்கிறீர்களே!"

எறும்புத்தின்னிதான் பத்து ஓட்டத்தையும் ஒழுங்காக ஓடும். அது பதினோராவது ஆள். மயில் அடித்த அடியில் அதற்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பே வரவில்லை.

"உனக்கு அலுக்கவில்லையா?" என்று முயல் கேட்கும்.

"ஒருநாள் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கால் தடுமாறக் கூடாது பார்" என்று சொல்லிவிட்டு, பொறுமையாக மறுபடி ஓடும்.

கடைசி ஆட்டம் வந்தது. எட்டு விக்கெட் விழுந்துவிட்டது. மூன்று பந்தில் இரண்டு ரன் வேண்டும். மட்டையோடு மயில் நின்றது. எதிர்முனையில் முயல். பந்து வீச வந்தது அக்கரைச் சிறுத்தை.

மயில் ஓங்கி ஓர் அடி! பந்து எல்லையை நோக்கிப் பறந்தது.

"கோப்பை நமக்குத்தான்!" என்று மயில் சட்டென்று தோகையை விரித்தது. தோகை பின்னால் இருந்த ஸ்டம்பில் மோதியது. மேலிருந்த இரண்டு குச்சிகளும் கீழே விழுந்தன. அப்போது பந்து இன்னும் எல்லையைத் தொடவில்லை.

நடுவர் நாரை அலகை வானத்தை நோக்கித் தூக்கியது. அவுட்! பந்து எல்லையைத் தொடும் முன் அடித்தவரே ஸ்டம்பைத் தட்டிவிட்டால், காட்டு கிரிக்கெட்டில் அவுட்தான். அவுட்டான பந்துக்கு ரன்னும் கிடையாது. மயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. பாவமாகத்தான் இருந்தது.

"எறும்புத்தின்னி, இறங்கு" என்றது கரடி.

அக்கரைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இதுவா? இது ஊர்ந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்!"

முதல் பந்தை எறும்புத்தின்னி தடுத்தது. ரன் இல்லை. இனி ஒரே பந்து, இரண்டு ரன்.

சிறுத்தை வீசியது. எறும்புத்தின்னி பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடியது. தொப், தொப், தொப். மட்டை கோட்டைத் தொட்டது. ஒன்று! உடனே திரும்பியது. அக்கரைக் குரங்கு பந்தை எடுத்து விட்டெறிந்தது. விக்கெட் கீப்பர் கீரி கையை நீட்டியது.

"ஓடு! கோட்டைத் தொடு!" என்று தொண்டை கிழியக் கத்தியது யார் தெரியுமா? மயில்தான்.

எறும்புத்தின்னி உடம்பைச் சுருட்டி உருண்டது. உருண்ட வேகத்தில் மட்டையை முன்னால் நீட்டியது. மட்டை கோட்டைத் தொட்ட பிறகுதான் கீரி ஸ்டம்பைத் தட்டியது. நாரை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அவுட் இல்லை!

ஒன்பது ஆண்டுக்குப் பிறகு கோப்பை ஓடையைத் தாண்டி வந்தது. கரடி அதை எறும்புத்தின்னியின் கையில் கொடுத்தது. இக்கரையே ஆரவாரம் செய்தது. சிறுத்தையும் வந்து, "நல்ல ஓட்டம்" என்று கைகுலுக்கியது.

மயில் மெதுவாகக் கரடியின் பக்கத்தில் வந்தது.

"கேப்டன், இப்போது விரிக்கலாமா?"

"இப்போது விரி!" என்றது கரடி.

மயில் எறும்புத்தின்னிக்குப் பின்னால் போய் நின்று, தோகையை முழுதாக விரித்தது.

நீதி: எடுத்த வேலை முழுதாக முடியட்டும், அதன் பிறகு பெருமைப்படு, கூட உழைத்தவரையும் சேர்த்துக்கொண்டு.