மேசையைத் தட்டிய வகுப்பு

கேளுங்கள் இந்தக் கூத்தை! ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் வரதராஜுலு வாயைத் திறந்தாலே பெர்லின்தான். "அஞ்சு வருஷம் அங்க யுனிவர்சிட்டியில படிச்சவன் நான்!" என்பார். ஆனால் பத்தாம் வகுப்பின் ஜெர்மன் பாடத்தை இழுத்து மூட அவருக்குக் கொள்ளை ஆசை. பெற்றோர்களைக் கூட்டிவைத்து அறிவித்தார்.

"ஒருத்தி ஜெர்மன்ல பேசட்டும். எனக்குத் திருப்தியில்லேன்னா இன்னையோட வகுப்பு கிடையாது!"

அவருக்கு எங்கே திருப்தி வரும்? ஷூ கம்பெனித் தொழிலாளி மகள் நஸ்ரின் எழுந்தாள். "நான் முடிச்சதும் டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி பாராட்டுங்கடி" என்று தோழிகளிடம் கிசுகிசுத்தாள். மடமடவென்று ஜெர்மனில் பேசி முடித்தாள். உடனே வகுப்பே விரல்களை மடக்கி மேசைகளைத் தடதடவென்று தட்டியது.

தாளாளர் துள்ளி எழுந்தார். "என்ன காட்டுமிராண்டித்தனம்! பிடிச்சிருந்தா கையைத் தட்டணும், மேசையையா தட்டுறது?"

"ஜெர்மனி யுனிவர்சிட்டியில பாடம் பிடிச்சிருந்தா இப்படித்தான் தட்டுவாங்க சார்," என்றாள் நஸ்ரின் பணிவாக. "அஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூடவா நீங்க கேக்கல?"

பெற்றோர் பக்கம் சிரிப்பு வெடித்தது. தாளாளருக்கு வேர்த்துவிட்டது.

"கேக்காம என்ன! உங்களுக்குத் தெரியுதான்னு சோதிச்சேன்."

"அப்ப நீங்களும் தட்டுங்க சார்!"

வேறு வழி? தாளாளர் விரலை மடக்கினார். டொக், டொக். அந்தச் சத்தத்தில் ஜெர்மன் வகுப்பு பிழைத்துக்கொண்டது.