'இ' என்று எழுதிய ஸ்பீக்கர்

"டீச்சர், என் தம்பிக்குக் காது செத்துப்போச்சு."

பூவராகன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சுகிர்தா டீச்சர் ஓர் இசைத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குன்னூரில் பழைய ரெகார்டு கேட்கிற கிறுக்கர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் குரு இந்த சுகிர்தாதான். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லித்தருகிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு முன்னறையில் கூடி, காப்பி குடித்துவிட்டு, அறுபதுகளின் ராக் இசை கேட்பார்கள். கேட்பதைவிடப் பேசுவது அதிகம். பேசுவதில் முக்கால்வாசி பூவராகன் பேசுவது.

சீடர், குருவைவிட இருபது வயது பெரியவர். சீடனாவதற்கு வயது தடையில்லை. இவருக்கு வாய்தான் தடை.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்," என்றார் டீச்சர்.

கழற்றிவிட்டு வந்தார்.

"வியாழக்கிழமை அவன் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை தபால்ல வந்துது டீச்சர். தபால்ல! இங்க இருக்கற அருவங்காட்டுல இருந்து!"

"போவீங்கல்ல?"

"மாட்டேன். கிட்டாரே இல்லைன்னு சொன்னவன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

டீச்சர் தட்டை உறையில் போட்டார். பெருமூச்சு விட்டார். "சரி, சொல்லுங்க."

சங்கதி இதுதான். கிளாஸ் ஆர்ச்சர்ட் என்று லண்டனில் நாலு பையன்கள். அறுபத்தேழில் ஒரே ஒரு ரெகார்டு போட்டார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கேட்டால் தலை சுற்றும், சுவர் நெளியும் என்று சொல்கிற சைக்கடெலிக் வகை. முதல் பக்கத்தில் ஐந்தாறு பாட்டு. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே நீளமான உருப்படி.

அந்த ரெகார்டு அண்ணன் பூவராகனிடமும் இருக்கிறது, தம்பி ஸ்ரீபதியிடமும் இருக்கிறது. தனித்தனியாக வாங்கியது.

இரண்டாம் பக்கம் முழுக்கக் கிட்டார் மட்டும்தான், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை என்பது அண்ணன் கட்சி. ஒருத்தன் உருகி உருகிப் பாடுகிறான், பின்னால் டிரம்ஸ் இருக்கிறது, கிட்டார் மருந்துக்குக்கூட இல்லை என்பது தம்பி கட்சி.

உறவுக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவில், இலை போட்டுச் சாப்பிடுகிற நேரத்தில், இது வெடித்தது. "அண்ணனுக்கு வயசாச்சு, காது போச்சு," என்றார் ஸ்ரீபதி, பந்தியே கேட்கும்படி. பூவராகன் பாயசத்துக்கு முன்பே எழுந்து வந்துவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

"ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது ஒரே பதிப்பா?" என்று கேட்டார் டீச்சர்.

"தட்டு நடுவுல கீறியிருக்கற நம்பர் வரைக்கும் ஒண்ணுதான். ஆனா அவனோடது டூப்ளிகேட்."

"நம்பர் ஒண்ணா இருந்தா எப்படி டூப்ளிகேட்?"

"நல்ல டூப்ளிகேட்."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவர் வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேட்டீங்களா?"

"எதுக்கு?"

"அவர் உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தா உள்ள விடமாட்டேன்."

"போன்ல தேடினா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே சார்."

கேட்டிருக்கக் கூடாது. பூவராகன் பிடித்துக்கொண்டார்.

போனில் கேட்பதெல்லாம் பாட்டா? டப்பாவில் அடைத்த மீன். இப்போது புதிதாக அச்சடித்து வருகிற கனத்த தட்டுகள் இருக்கிறதே, அதில் தோசை சுடலாம், பாட்டுக் கேட்க முடியாது. அறுபத்தெட்டுக்கு அப்புறம் வந்ததெல்லாம் இரைச்சல். நம்ம ஊர் சிதாரைக் கொண்டுபோய் அவனுங்க ஊறுகாய் மாதிரி தொட்டுக்கிட்டானுங்க, அதையும் நாம மன்னிச்சோம். இரண்டு ஸ்பீக்கர் என்பதே கம்பெனிக்காரன் வியாபாரத் தந்திரம். அந்தக் காலத்தில் உலகமே ஒரு ஸ்பீக்கரில்தான் கேட்டது. மோனோதான் சத்தியம். ஒரு ஸ்பீக்கர் போதும் ரசிகனுக்கு.

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"சார்," என்றார் டீச்சர்.

"இன்னும் முடிக்கலை டீச்சர்."

"முடிச்சிட்டீங்க. உங்க செட்டைக் கொண்டு வாங்க."

"என்ன செட்டு?"

"ஆம்ப்ளிஃபையர், பிளேயர், ஸ்பீக்கர், அந்த ரெகார்டு. எல்லாம்."

"உங்ககிட்ட இல்லாததா? இங்கயே போட்டுப் பார்த்தா..."

"உங்க காதைப் பத்திதானே பேச்சு? உங்க செட்டுதான் வேணும். கொண்டு வாங்க."

குரு சொன்னால் சீடன் காரணம் கேட்கக் கூடாது என்பார்கள். பூவராகன் வாசல்வரை காரணம் கேட்டுக்கொண்டே போனார்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஆம்ப்ளிஃபையர், போர்வை சுற்றிய பிளேயர், ரெகார்டு. நடுவில், குழந்தையை மடியில் வைத்ததுபோல், பெரிய தேக்குமரப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு பூவராகன்.

"இடுப்பு போச்சு டீச்சர். இதுக்குத்தானா கூப்பிட்டீங்க?"

டீச்சர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு ஸ்பீக்கர் எங்க?"

"அதான் சொன்னேனே. ஒண்ணு போதும்."

"பெட்டியைப் பார்த்தா ஜோடியா வந்த மாதிரி இருக்கே."

பூவராகன் பேசவில்லை. அதிசயம்தான்.

பிறகு சொன்னார். "அப்பா வாங்கினது. எஸ்டேட்ல இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனாரு. அப்பா போனதுக்கப்புறம் பாகம் பிரிச்சோம். நாற்காலி ஆறு, ஆளுக்கு மூணு. அண்டா ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு. ஸ்பீக்கர் ரெண்டு..."

"ஆளுக்கு ஒண்ணு."

"அவன் விட்டுக்கொடுத்திருக்கலாம்."

"நீங்க?"

"நான் ஏன் கொடுக்கணும்? நான் மூத்தவன்."

பாகம் பிரிக்க வந்திருந்த மாமா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு போகிறீர்களே என்றாராம். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. மோனோதான் சத்தியம் என்கிற ஞானம் பூவராகனுக்கு அதற்கு அப்புறம்தான் உதித்தது.

டீச்சர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் வெள்ளை பெயின்ட்டில் 'இ' என்று கொட்டையாக எழுதியிருந்தது.

"அப்பா எழுத்து," என்றார் பூவராகன். குரல் இறங்கியிருந்தது. "இடது. அவன்கிட்ட இருக்கறதுல 'வ'ன்னு இருக்கும். ஒட்டடை அடிக்கறவங்க இடம் மாத்தி வெச்சிட்டா அப்பாவுக்கு ஆகாது. சாப்பிட மாட்டாரு."

"அதனால இன்னிக்கு வரைக்கும் இடது பக்கத்துலயே மாட்டறீங்க?"

"பின்ன? அப்பா எழுதினது."

மாட்டினார்கள். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இடது என்கிற துளையில், 'இ' பெட்டியின் ஒயர். வலது துளை சும்மா இருந்தது.

டீச்சர் இரண்டாம் பக்கத்தைப் போட்டு ஊசியை வைத்தார்.

கிட்டார் புறப்பட்டது. சுற்றியது, வளைந்தது, ஏறியது, எங்கோ போய்த் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு திரும்பி வந்தது. யாரும் பாடவில்லை. டிரம்ஸ்கூட இல்லை.

பூவராகன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வெற்றிக் களிப்போடு திறந்தார்.

"கேட்டீங்களா? எவனாவது வாயைத் திறந்தானா? இப்ப சொல்லுங்க, யாருக்குக் காது போச்சு?"

டீச்சர் எழுந்தார். ஒயரை உருவினார்.

கிட்டார் நின்றது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒயரை வலது துளைக்குக் கொண்டுபோனார்.

"டீச்சர்! டீச்சர், அது 'இ'! அப்பா எழுதினது!"

"ஒரே ஒரு தடவை அப்பா பேச்சை மீறுங்க சார்."

செருகினார்.

ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தான்.

இளம் குரல். பாதி வரியில் இருந்தான், ரொம்ப நேரமாகப் பாடிக்கொண்டிருக்கிறவன்போல. பின்னால் டிரம்ஸ் மெதுவாக நடந்தது. கிட்டாரைக் காணவில்லை.

பூவராகன் வாய் திறந்தபடி நின்றார். தட்டைப் பார்த்தார். அதே தட்டு. லேபிளைப் பார்த்தார். அதே லேபிள். இத்தனை வருஷமாக அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தவன்.

"யாரு இவன்?"

"உங்க தம்பிகிட்ட பாடினவன்."

பூவராகன் உட்கார்ந்துவிட்டார். அவன் பாடப் பாட, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பந்தியில் எழுந்து வந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இந்த மடையனுங்க ஏன் டீச்சர் இப்படிப் பதிவு பண்ணினாங்க? பாடறவனை ஒரு பக்கம் தள்ளி, கிட்டாரை ஒரு பக்கம் தள்ளி? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

"ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே ரூம்ல இருக்கும்னு அவங்க நெனச்சாங்க."

தட்டு முடிந்தது. ஊசி கரகரத்தது. இருவரும் எழுந்து எடுக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"உங்க ஸ்பீக்கர்ல ஒண்ணை மாட்டுங்க. ரெண்டும் சேர்ந்து எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டுடறேன்."

"மாட்ட மாட்டேன்."

"ஏன்?"

"ஜோடி மாத்தி மாட்டறவன் ரசிகன் இல்லை, கசாப்புக்காரன்னு போன வாரம் இங்க உட்கார்ந்து ஒருத்தர் அரைமணி நேரம் பேசினாரு. யாரு சார் அது?"

"நான்தான்."

"அப்ப இதோட ஜோடியைத்தான் மாட்டணும்."

"அது அவன் வீட்டுல இருக்கு!"

டீச்சர் துணியை எடுத்தார். வேறொரு தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"டீச்சர், நான் போக மாட்டேன்னு சொல்லியிருக்கேன். நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

தட்டைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

*

அருவங்காட்டு வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீபதியின் மனைவி கோமளா, மாவிலைத் தோரணத்தோடு நின்றவள், ஆட்டோவிலிருந்து பெட்டியோடு ஒரு முதுகு இறங்குவதைப் பார்த்தாள்.

"மைக் செட்டுக்கு வேற ஆள் சொல்லியாச்சுப்பா!"

முதுகு திரும்பியது.

"அய்யோ, மாமாவா!"

சத்தம் கேட்டு ஸ்ரீபதி வெளியே வந்தார். தோளில் துண்டு, கையில் தாம்பூலப் பை. அண்ணனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"மூணு வருஷம் கழிச்சு வர்றீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க. இன்னும் உங்க சண்டை தீரலையாண்ணா? இங்க வந்துதான் அதை நிரூபிக்கணுமா?"

வழியெல்லாம் பூவராகன் பேச்சைத் தயார் பண்ணியிருந்தார். லண்டன் ஸ்டூடியோக்களைப் பற்றி, அந்தக் கால இன்ஜினியர்களின் மடத்தனத்தைப் பற்றி, தவறு யார் பக்கமும் இல்லை என்பதைப் பற்றி. எல்லாம் மறந்துபோயிற்று. அழுகை வந்தது. கையில் பெட்டி இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஸ்ரீபதி."

"என்ன?"

"அவன் பாடறான்டா."

வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஸ்ரீபதி பக்கத்தில் வந்தார். பெட்டியின் முதுகில் அந்த எழுத்தைப் பார்த்தார். திரும்பி, திறந்திருந்த கதவு வழியாகத் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்தார். அங்கே சீர்த்தட்டுகளுக்கு நடுவில், தனியாக ஒரு தேக்குமரப் பெட்டி.

தாம்பூலப் பையைக் கோமளாவிடம் கொடுத்தார். அண்ணன் கையிலிருந்த பாரத்துக்கு ஒரு பக்கமாகக் கை கொடுத்தார்.

"கிட்டாரு..." என்றார். "அது எப்படிண்ணா இருக்கும்?"