இரவல் பி.ஏ.

உடையப்பன் இரண்டு முறை எம்.எல்.ஏ. மூன்றாவது முறையாகத் தேர்தலில் நிற்கிறார். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி, மைக் செட் கடை வைத்தவர். தலைவர் வரத் தாமதமான ஒரு கூட்டத்தில் மைக்கைச் சோதிக்க மேடையேறினார். ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இறங்கினார். அவருடைய அரசியல் அன்றைக்கு ஆரம்பித்தது.

அவர் குன்றடிச் சாமியின் சீடர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஆனாலும் சாமி சாமிதான்.

அன்று மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு ஓடி வந்தார்.

"சாமி, மானம் போகப் போகுது. ஃப்ளெக்ஸ்ல என் பேருக்குப் பின்னாடி பி.ஏ.ன்னு இருக்கே..."

"நீ எப்ப பி.ஏ. படிச்ச?"

"நான் எங்கே படிச்சேன்? முந்தின எம்.எல்.ஏ. பி.ஏ. படிச்சவர். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அவரோட டிசைன்லயே என் போட்டோவை வச்சு, பேரை மாத்தினான். பி.ஏ.வை எடுக்க மறந்துட்டான்."

"நீ?"

"எனக்கும்... பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு."

சாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க சாமி. எதிர்த்து நிக்கிற வக்கீல் நாளைக்கு நம்ம பழைய கணக்கு வாத்தியாரை மேடையேத்தப் போறாராம். வேட்புமனுவுல உண்மையைத்தான் எழுதியிருக்கேன். அதை யார் படிக்கிறா? நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"இன்னைக்கு உனக்குக் கூட்டம் இருக்கா?"

"சாயங்காலம், சந்தைப்பேட்டையில."

"நான் வர்றேன்."

உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாமி இதுவரை அரசியல் மேடை ஏறியதில்லை. அவர் நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும், வக்கீல் வாயடைத்துப் போவார்.

சந்தைப்பேட்டை நிரம்பி வழிந்தது. சாமி மைக்கைப் பிடித்தார்.

"பத்தாம் வகுப்புல நான் கணக்குல பெயில்," என்றார்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சாமி காலேஜ் பேராசிரியராக இருந்து துறவு பூண்டவர் என்றுதான் அந்த வட்டாரமே நம்பிக்கொண்டிருந்தது.

"பக்கத்துல இருந்தவனைப் பார்த்து எழுதினேன். அப்படியும் பெயில். யாரைப் பார்த்து எழுதினேன்னு இவர் சொல்வார்."

மைக்கை உடையப்பன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வாழ்நாளெல்லாம் மைக்கோடு புழங்கிய மனிதர் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். நல்ல பொய்கள் நாலைந்து நாக்கு நுனி வரை வந்தன. சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்துத்தான்," என்றார் உடையப்பன். "நானும் பெயில். அந்த பி.ஏ. என்னுது இல்லைங்க, பழைய எம்.எல்.ஏ.வோடது. பத்து வருசமா இரவல்ல போட்டுக்கிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

முன்வரிசையில் இருந்த மீன்காரம்மா ஒருத்தி எழுந்து, "எங்க வீட்லயும் ஒண்ணு கணக்குல பெயில்தான் சாமி!" என்று கத்தினாள். அப்புறம் சிரிப்பும் விசிலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

காரில் ஏறியதும் உடையப்பன் கேட்டார்.

"ஓட்டு விழுமா சாமி?"

"அது ஜனங்க பாடு."

"உங்க பெயில் கதையை நான் இத்தனை வருசமா மூச்சு விடலை. நாளைக்கு மடத்துக்கு ஆள் வராட்டி?"

"வராட்டி நம்ம ரெண்டு பேருக்கும் பொங்கல் நிறையக் கிடைக்கும்."

"விளையாடாதீங்க. இவ்வளவு லேசாச் சொல்லிட்டீங்களே, இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

சாமி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"தனியாச் சொல்லப் பயமா இருந்துச்சுப்பா. நீ எப்ப வருவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."