நாரை கூப்பிட்ட பெயர்

அந்தக் காலத்தில் நாரைக்குக் குரல் இருந்தது. குயில்கூடப் பொறாமைப்படுகிற குரல். ஆனால் பாட்டுப் பாடுவதில் நாரைக்கு அக்கறை இல்லை. மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்தான் அதற்கு ஆசை. இன்றைக்கு ஒற்றைக் காலில் ஊமையாய் நிற்கிற நாரையைப் பார்த்தால் இதை நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

போர்த்துகல் தேசத்தில் மொந்தேகு என்று ஓர் ஆறு. அது கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு கரையிலும் நெல்வயல்கள். நம் பக்கம் இருப்பதுபோலவே வரப்பு, மதகு, முழங்கால் சேறு எல்லாம் அங்கேயும் உண்டு. வயலை ஒட்டிய வீட்டில் லுடோவினா என்று ஒருத்தி இருந்தாள். கணவனை இழந்தவள். மூத்த மகள் ஃபெலிஸ்மினாவை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். நடுப்பிள்ளை செஃபெரினோ மலைப்பக்கம் ஆடு வளர்த்தான். கடைக்குட்டி அமதேவு கப்பலேறிப் போய்விட்டான். அவளோடு மிச்சம் இருந்தது புகைக்கூண்டின் மேல் கூடு கட்டியிருந்த நாரை மட்டும்தான்.

குளிர்காலத்தில் தெற்கே பறந்துபோகும் நாரை, ஈஸ்டர் என்று நாம் சொல்கிற பாஸ்காத் திருநாளுக்கு முன் தவறாமல் திரும்பிவிடும். பிள்ளைகளும் அந்தத் திருநாளுக்குத்தான் வீடு வந்து கூடுவார்கள். அன்றைக்கு லுடோவினா இனிப்புச் சோறு ஆக்குவாள். அந்த ஊர்க்காரர்கள் அதை அரோஸ் தோஸ் என்பார்கள். உருண்டை அரிசியை எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரில் வேகவிட்டு, காய்ச்சிய பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, விட்டதை அரிசி குடித்த பிறகு இன்னொரு கரண்டி விட்டு, அரிசி குழைந்தபின் சர்க்கரை போட்டு, கடைசியில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து இறக்கவேண்டும். அடுப்பில் வைத்ததிலிருந்து இறக்கும்வரை கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கையை எடுத்தால் அடிபிடிக்கும். லுடோவினா தலையே போனாலும் கரண்டியை விடமாட்டாள். ஒருமுறை கோழிக்கூட்டில் நரி புகுந்தபோதுகூட அடுப்படியில் நின்றபடியே கத்தினாளே தவிர, கரண்டி நிற்கவில்லை. அந்த வருஷம் மூன்று கோழி போயிற்று, சோறு பிரமாதம்.

அப்படிப்பட்டவள் வாசலுக்குப் போய் யார் வருகிறார்கள் என்று எங்கே பார்ப்பது? அதற்குத்தான் நாரை. தூரத்தில் தலை தெரிந்ததும் அது கூப்பிடும்.

"ஃபெலிஸ்மினா! ஃபெலிஸ்மினா வர்றா!"

லுடோவினாவின் வலது கை கிண்டிக்கொண்டே இருக்கும். இடது கை அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேசையில் வைக்கும். அடுத்த பெயருக்கு அடுத்த தட்டு. கூப்பிட்டு முடிவதற்கும் சோறு இறங்குவதற்கும் சரியாக இருக்கும். வருகிறவர்களுக்கும் அது ஒரு பெருமை. படகுத்துறையில் இறங்கினால் தன் பெயரைக் கேட்டபிறகுதான் அமதேவு காலெடுத்து வைப்பான். கேட்காவிட்டால் அங்கேயே நின்று, "ஏ நாரை, தூங்கறியா?" என்று சண்டை பிடிப்பான்.

முதல் தடவை தூரக் கடல் பயணம் போய் வந்தபோது அமதேவு அம்மாவுக்கு ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பட்டைத் தூள். நாம் பிரியாணிக்குப் போடுகிற அதே பட்டைதான். நம் கடல் பக்கத்திலிருந்து போனது.

"சோத்துல போடுங்கம்மா. ஊரே மணக்கும்."

"இவ்வளவு தூரத்துல இருந்து வந்த சாமானை நீ இல்லாதப்போ போட்டுத் தின்னு என்ன பண்ண? அடுத்த தடவை நீ வா, பெட்டியை அன்னைக்குத் திறக்கலாம்."

அமதேவு சிரித்துவிட்டு மறுபடியும் கப்பலேறினான். அடுத்த பாஸ்காவுக்கு வரவில்லை. அதற்கடுத்த பாஸ்காவுக்கும் வரவில்லை. கப்பலைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பெட்டி அடுப்புக்கு மேலே, அதே இடத்தில் இருந்தது.

லுடோவினா யாரிடமும் அழவில்லை. பாஸ்கா அன்று ஒவ்வொரு பெயராக நாரை கூப்பிடும்போது தட்டை எடுப்பாள். எல்லாரும் வந்து சேர்ந்தபின், "அவ்வளவுதானா?" என்று மேலே பார்த்துக் கேட்பாள்.

"அவ்வளவுதான் அம்மா" என்று நாரை சொல்லும்.

பிறகு புகையோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு மேலே வரும். கூட்டில் உட்கார்ந்திருக்கிற நாரைக்கு அந்தப் பெருமூச்சு போய்ச்சேரும். அவள் அன்றைக்குச் சோற்றைத் தொடமாட்டாள் என்பதும் அதற்குத் தெரியும். நாலாவது வருஷம் திரும்பி வந்தபோது லுடோவினா பாதியாக இளைத்திருந்தாள். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. நாரைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம். வயல்கள் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தன. பாஸ்கா காலையில் லுடோவினா அடுப்பு மூட்டி, அரிசியைப் போட்டு, கிண்ட ஆரம்பித்தாள். பாதையில் இன்னும் ஒருவரையும் காணோம். நாரை மேலே நின்று யோசித்தது.

'ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னால் என்ன? எப்படியும் கரண்டியை விடமாட்டாள். தட்டை எடுத்து வைப்பாள். சோறு இறங்குகிறவரைக்குமாவது சந்தோஷமாகக் கிண்டுவாள். அதற்குள் மகளும் மகனும் வந்துவிடுவார்கள். கண் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அவளும் ரெண்டு வாய் சாப்பிட்டுவிடுவாள்.'

நாரைமேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பெருமூச்சை மூன்று வருஷம் கேட்டது அதுதான், நான் இல்லை. நல்ல மனதோடுதான் வாயைத் திறந்தது.

"அமதேவு! அமதேவு வர்றான்!"

கீழே கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரு?"

"அமதேவு."

"எந்தப் பக்கமா? பாதையிலயா, துறையிலயா?"

இதை நாரை யோசித்து வைத்திருக்கவில்லை. கப்பலில் போனவன் தண்ணீர் வழியாகத்தானே வரவேண்டும் என்று அவசரத்தில் தோன்றியது.

"துறையில."

கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. நரி வந்தபோது விடாத கரண்டி. லுடோவினா செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டி ஓடினாள். துறைக்கு மேட்டுப்பாதை சுற்றுவழி. அவள் வயலுக்குக் குறுக்கே போகிற வரப்பில் இறங்கிவிட்டாள். அது வெள்ளத்தில் ஊறிக்கிடக்கும் வரப்பு. நாரைக்கு அது தெரியும்.

நாரை சிறகை அடித்துக்கொண்டு பின்னாலேயே பறந்தது. "பொய்! அம்மா, நான் சொன்னது பொய்! திரும்புங்க!" என்று கத்தியது. மதகில் தண்ணீர் இரைகிற இரைச்சலில் வார்த்தை காதில் விழவில்லை, குரல் மட்டும் விழுந்தது. நாரையும் சந்தோஷத்தில் கூப்பிடுகிறது என்று லுடோவினா நினைத்தாள். ஓடிக்கொண்டே தலையைத் தூக்கி அதற்குக் கையை ஆட்டினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பை நாரை மேலிருந்து பார்த்தது.

மதகின் பக்கத்தில் வரப்பு அவளோடு சேர்ந்து தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது.

நாரையின் அலகால் ஒரு மனுஷியை இழுக்க முடியுமா? முடிந்தமட்டும் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பிறகு பாதைப்பக்கம் பறந்து போய், "ஃபெலிஸ்மினா! செஃபெரினோ!" என்று கத்தியது. இருவரும் குடும்பத்தோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போல் நம்மைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துச் சாவகாசமாக நடந்தார்கள். நாரை திரும்பத் திரும்பக் கத்தியது. அதன் தொண்டையில் ஏதோ கிழிந்தது. குரல் கரகரவென்று மாறியபிறகுதான் ஃபெலிஸ்மினாவுக்குச் சந்தேகம் வந்து ஓடினாள்.

வீட்டில் சோறு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு தட்டுகூட இல்லை. அம்மாவைச் சாயங்காலம்தான் மதகுப் பக்கமிருந்து தூக்கிவந்தார்கள்.

நாரை முற்றத்தில் இறங்கி ஃபெலிஸ்மினா முன்னால் நின்றது. மிச்சமிருந்த குரலில் ஒரு சொல் விடாமல் நடந்ததைச் சொன்னது. "அவங்க சந்தோஷமா இருக்கணும்னுதான் சொன்னேன்" என்று முடித்தது.

ஃபெலிஸ்மினா சொன்னாள்: "உன்னை நான் அடிக்கமாட்டேன், கூட்டையும் கலைக்கமாட்டேன். ஆனா எங்க வீட்டு ஆளுங்க பேரு ஒண்ணும் இனிமே உன் வாயில வரக்கூடாது."

அதற்குப் பிறகு நாரை பேசவில்லை. தொண்டை கிழிந்ததாலா, அவள் சொன்ன சொல்லாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

அடுத்த வருஷப் பாஸ்காவுக்கு ஃபெலிஸ்மினா அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். அம்மாவின் பானை, அம்மாவின் கரண்டி. கிண்டும்போது அவள் கண்ணீர் பானையில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. செஃபெரினோ பிள்ளைகளோடு வந்து சேர்ந்தான். அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. புகைக்கூண்டின் மேல் நாரை நின்றிருந்தது. வீடு நிறைய ஆள் இருந்தும் யாரும் வராததுபோல் இருந்தது.

சோற்றை இறக்கித் தட்டுகளில் ஊற்றினாள். எது யாருடைய தட்டு என்று தெரியாமல் கை நின்றது. பெயரைக் கேட்டு வைத்துத்தான் அந்த வீட்டில் பழக்கம். அண்ணாந்து பார்த்தபோது மரப்பெட்டி கண்ணில் பட்டது. அதை எடுத்துத் திறந்தாள். ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த வாசனை அடுப்படியை நிறைத்தது.

அவளுக்கு எழுதத் தெரியாது. நாம் கோலப்பொடியை எடுப்பதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டைத் தூளை எடுத்து, வெள்ளைச் சோற்றின்மேல் மெல்லிய கோடாக விட்டாள். செஃபெரினோவின் தட்டில் ஆட்டுக்கொம்பு. அவனுடைய சின்ன மகளின் தட்டில் ஒரு பூ. தன் தட்டில் நெற்கதிர். எல்லாருக்கும் போட்டு முடித்தும் இரண்டு தட்டு மிச்சம் இருந்தது. ஒன்றில் கரண்டி வரைந்தாள். அது அம்மாவுக்கு. இன்னொன்றில் பாய்மரம் கட்டிய ஒரு படகு வரைந்தாள்.

"அக்கா, அவன் வரமாட்டான்" என்றான் செஃபெரினோ.

"தெரியும்டா. இருந்தாலும் ஆறட்டும். ஆறுற வரைக்கும் யாரும் கைவைக்காதீங்க."

அப்போது கூரை மேல் ஒரு சத்தம் கேட்டது. டக டக டக டக என்று, மரக்கரண்டியைப் பானை விளிம்பில் தட்டுகிற மாதிரி. நாரை தலையை முதுகுவரை பின்னுக்கு வளைத்து, தொண்டையை வானத்துக்குக் காட்டி, அலகை அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை. "அதைத் துரத்துறேன் இரு" என்று செஃபெரினோ எழுந்தான். ஃபெலிஸ்மினா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். என்ன சொல்கிறது என்று அவளுக்கும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள்.

சோறு நன்றாக ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. கதவு திறந்தது. தாடியும் நரையுமாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். ஃபெலிஸ்மினாவுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சநேரம் பிடித்தது.

"துறையில நின்னுக்கிட்டே இருந்தேன் அக்கா" என்றான் அமதேவு. "இவ்வளவு நேரம் நின்னேன். நாரை என்னைக் கூப்பிடவே இல்லையே. அம்மா எங்க?"

ஃபெலிஸ்மினா படகு வரைந்த தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைப் பார்த்தான். கையில் எடுக்கும் முன்னால் பக்கத்தில் கரண்டி வரைந்த தட்டையும் பார்த்தான். அந்தத் தட்டுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அடுப்புக்கு மேலே பெட்டி இருந்த இடமும் காலியாக இருந்தது. அவன் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை, கோடு கலையாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டான். படகை மட்டும் அவனால் சாப்பிட முடியவில்லை.

அன்று முதல்தான் அந்த நாட்டில் குடும்பம் கூடுகிற நாளில் இனிப்புச் சோற்றை ஆறவிட்டு, மேலே பட்டைத் தூளால் ஆளுக்கொரு அடையாளம் போடுகிறார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் பிற்பாடு பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள். வராதவர்களுக்கும் ஒரு தட்டு உண்டு. கூரை மேல் நாரை, வருகிறவன் தலை தெரியும்போதெல்லாம், தனக்கு நன்றாகத் தெரிந்த பெயரைச் சொல்லமுடியாமல் இன்னும் அலகைத் தட்டிக்கொண்டிருக்கிறது.