எடை குறைந்த சுவடிகள்

முன்னொரு காலத்தில், தன் நாட்டில் எண்ண முடிந்த எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்ட ஓர் அரசர் இருந்தார். பெயர் வீரகேது. ஏரிகளை எண்ணியாயிற்று, யானைகளை எண்ணியாயிற்று, பனைமரங்களைக்கூட எண்ணியாயிற்று. இனி எதை எண்ணுவது என்று சலித்திருந்த நாளில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். தங்கள் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று விருந்தில் சொல்லிவிட்டு, இங்கே எப்படி என்று கேட்டார். அரசர் பேச்சை மாற்றிவிட்டார்.

மறுநாள் சுவடிச்சாலைத் தலைவர் திருவிக்கிரமர் ஒரு வழி சொன்னார். மானிய நிலம் பெற்று ஆராய்ந்துவந்த அறிஞர்கள் நாட்டில் அறுபது பேர் இருந்தார்கள். ஒவ்வொரு தைப் பௌர்ணமியன்றும் அவர்கள் அந்த ஆண்டு எழுதிய சுவடிகளைச் சாலையில் ஒப்படைக்க வேண்டும். சுவடிகளைத் தராசில் நிறுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். எடை கூடினால் நாட்டின் அறிவு கூடியது என்று பொருள். அரசருக்கு இது பிடித்துப்போயிற்று.

முதல் ஆண்டு பன்னிரண்டு துலாம் வந்தது. அடுத்த ஆண்டு பதினெட்டு. அறிஞர்கள் மெல்ல மெல்லத் தராசைப் புரிந்துகொண்டார்கள். கிரகணத்தைப் பற்றி நாலு ஏட்டில் முடிய வேண்டியது நாற்பது ஏடாயிற்று. அதில் முதல் இருபது ஏடு அரசரின் புகழ். ஒருவர் எழுதியதை இன்னொருவர் முழுக்கப் பெயர்த்தெழுதி, கடைசியில் ‘இதற்கு நானும் உடன்படுகிறேன்’ என்று சேர்த்தார். சிலர் சுவடியின் மேலும் கீழும் கனத்த தேக்குப் பலகை வைத்துக் கட்டினார்கள். பலகையைக் கழற்றிவிட்டு நிறுக்கும்படி ஆணை வந்தது. ஆனாலும் எடை குறையவில்லை. பத்தாம் ஆண்டு நூற்று நாற்பது துலாம். அரசர் அந்த எண்ணைப் பக்கத்து நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.

அதற்கடுத்த ஆண்டு திருவிக்கிரமர் இன்னொரு விதியையும் கொண்டுவந்தார். ஐம்பது பலத்துக்கு, அதாவது அரைத் துலாமுக்கு, குறைவாகச் சுவடி கொடுப்பவரின் மானிய நிலம் பறிக்கப்படும். அதில் முதலில் சிக்கியவர் எயினி.

எயினி மேற்கு எல்லையில் மாட்டு வைத்தியம் பார்ப்பவர். முதல் மழைக்குப் பிறகு மேயப் போன மாடுகள் திடீரென்று நடுங்கி விழுந்து சாவது ஏன் என்று அறிய, பதினோரு ஆண்டுகள் மந்தைகளுக்குப் பின்னாலேயே நடந்தவர். ஊரார் அதைத் தெய்வக் குற்றம் என்றார்கள். எயினி காரணத்தைக் கண்டுபிடித்து ஒரே ஓர் ஏட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை வைத்தபோது தராசுத் தட்டு அசையக்கூட இல்லை.

அரசவை விகடன் சாத்தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவுதானா என்று கேட்டான்.

“அவ்வளவுதானுங்க. முழங்கால் ஒசரத்துக்கு இருக்கிற எளஞ்சோளத்தைத் தின்னா மாடு செத்துப்போவுது. பூத்த பொறவு தின்னா ஒண்ணும் ஆவறதில்ல. இதைப் போய் எப்பிடிங்க நாப்பது ஏடா எழுதுறது?”

“நிலம் போனால் என்னம்மா செய்வீர்கள்?”

“கூலிக்குக் களை எடுக்கணும். அப்புறம் மந்தைக்குப் பின்னால நடக்குறது யாரு? கழிச்சல்ல சாவுற கன்னுக்குட்டிக்கு இன்னும் காரணம் தெரியலீங்க.”

அன்று அவையில் சாத்தன் ஒரு சேதி சொன்னான். பட்டத்து யானை காலையில் நாலு கட்டுப் பனையோலையைத் தின்றுவிட்டது. இனி அதுவே நாட்டின் பெரிய பண்டிதர். அதற்கும் ஒரு மானியம் கொடுக்க வேண்டும் என்றான். சிலர் சிரித்தார்கள். திருவிக்கிரமர் சிரிக்கவில்லை. சாத்தன் மேல் அவருக்கு நெடுநாளைய புகைச்சல்.

கேலி செய்பவரே அளந்து காட்டட்டும் என்றார் அவர். சேர்ந்திருக்கும் அறிவு எவ்வளவு என்று சாத்தன் மூன்று நாளில் சொல்ல வேண்டும். அவன் சொல்லும் எடை பதிவேட்டிலிருந்து ஒரு பலம் மாறினாலும் அவையை விட்டுப் போய்விட வேண்டும். அரசர் சம்மதித்தார். பதிவேட்டைப் படித்துக் காட்டினால் சாத்தன் பணிந்ததாக ஆகும். வேறு எண் சொன்னால் தொலைந்தான். அதுவரை எயினியின் நிலத்தைத் தொடக்கூடாது என்று மட்டும் சாத்தன் கேட்டுக்கொண்டான்.

அவன் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ அளக்கச் சொன்னார்கள் என்று உண்மையாகவே அளந்தான். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, சாலையிலிருந்த ஒவ்வொரு சுவடியையும் இறக்கி மறுபடி நிறுத்தான்.

நான்காம் நாள் அவை கூடியது.

“அரசே, பத்தாம் ஆண்டுச் சுவடிகள் பதிவேட்டின்படி நூற்று நாற்பது துலாம். இப்போது நிறுத்தால் எண்பத்தொன்று. எடைதான் அறிவு என்பது தங்கள் ஆணை. ஆகவே ஐம்பத்தொன்பது துலாம் அறிவு களவு போயிருக்கிறது. சாலைக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் தலைவர் இடுப்பில். என் எண் மாறிவிட்டது, நான் போகிறேன். அறிவு பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.”

அரசரின் முகம் மாறியது. சுவடிகளைப் பக்கத்து நாட்டுக்கு விற்பது வீரகேதுவின் நாட்டில் தலை போகும் குற்றம். ஓர் ஏடுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்க்கலாம் என்று திருவிக்கிரமர் தடுமாறிச் சொன்னார்.

“எண்ணினேன், அரசே. குறையவில்லைதான். ஏட்டை விட்டுவிட்டு எடையை மட்டும் எடுத்துப்போன திருடனை நானும் இப்போதுதான் பார்க்கிறேன்” என்றான் சாத்தன்.

அரசர் திருவிக்கிரமர் பக்கம் திரும்பினார். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஓலை பச்சையாக இருந்தது, பெருமானே.”

பனையோலையை வேகவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்துப் பதமாக்கிய பிறகே எழுதுவது வழக்கம். நான்காம் ஆண்டு யாரோ ஒருவர் பதமாக்காத ஈர ஓலையில் எழுதிக் கொடுத்தார். எடை கூடியது. மற்றவர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். எண் ஏறியதால் திருவிக்கிரமரும் கேட்கவில்லை. நிறுத்த பிறகு ஓலை சாலையிலேயே காய்ந்தது. முதல் ஆண்டின் பன்னிரண்டு துலாம் இன்றும் பன்னிரண்டாகவே இருந்தது.

“அப்படியானால் நாம் எழுதி அனுப்பிய எண்ணில் ஐம்பத்தொன்பது துலாம்?” என்றார் அரசர்.

“தண்ணீர், பெருமானே.”

பக்கத்து நாட்டான் சொல்லும் எண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்குமோ என்று அரசர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

“அங்கே மழை அதிகம், அரசே” என்றான் சாத்தன்.

அரசரின் தோள்கள் குலுங்கின. பிறகு வாய்விட்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எயினியின் ஏட்டைப் படிக்கச் சொன்னார். ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் படித்து முடிந்தது. அரண்மனை மந்தைகளின் தலைவர் எழுந்து, மேற்கு எல்லை இடையர்கள் இரண்டு ஆண்டுகளாக அந்த அம்மாள் சொன்னபடிதான் மேய்க்கிறார்கள், முதல் மழையில் அங்கே ஒரு மாடும் சாகவில்லை என்றார்.

எடை விதி அன்றே நீக்கப்பட்டது. எயினிக்கு நிலம் நிலைத்தது. அரசர் தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிச் சாத்தனுக்கு அணிவித்தார். நூற்று நாற்பது துலாமையும் ஓர் ஏடு விடாமல் படித்து முடிக்க வேண்டும் என்பது திருவிக்கிரமருக்குக் கிடைத்த தண்டனை. சிரச்சேதமே மேல் என்று அவர் பின்னால் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

இனி எதைக் கொண்டு அளப்பது என்று அரசர் சாத்தனைக் கேட்டார்.

“எதைக் கொண்டு வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள், அரசே. எதைக் கொண்டு என்று மட்டும் அவையில் சொல்லாதீர்கள்.”

அரசர் மறுபடி சிரித்தார். அவர் சொல்லவுமில்லை. எதற்கு மதிப்பு என்று தெரியாததால், மறு ஆண்டு அறிஞர்கள் கண்டுபிடித்ததை மட்டும் எழுதிக் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஒன்பது சிறிய கட்டுகள் சேர்ந்தன. எயினி ஒன்றும் கொண்டுவரவில்லை. கன்றுகள் சாவதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். தெரியும்வரை தேடட்டும் என்றார் அரசர்.