கோழிக்கு எறிந்த உளுந்து

"என் வயலைத் தின்னுட்டு என் முன்னாடியே பூத்து நிக்குது. என்னதான் செய்ய?" என்று கேட்டார் மிக்கேல்.

கையில் ஒரு பிடி மஞ்சள் கொடி. இலை கிடையாது, மண்ணில் வேர் கிடையாது. உளுந்துச் செடியைச் சுற்றி, அதன் சாற்றைக் குடித்தே வளரும் களை.

பிரகாசி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் பயிரில் சந்தேகம் வந்தால் ஊர் அவளிடம்தான் வரும்.

"மூணு வருஷமா உங்க வயலை இது தொடலையே, அண்ணே?"

"எப்படித் தொடும்? இது ஏறாத ஒத்தைச் செடியைக் கண்டுபிடிச்சு, அது விதையை மட்டும் பெருக்கினேன். வருஷா வருஷம் முறத்துல கொட்டி, கலப்பு ஒண்ணு விடாம எறிஞ்சேன். எட்டு வீடு என் விதைக்குக் காத்திருக்கு. என்ன முகத்தோட குடுப்பேன்?"

"வயல்ல மிஞ்சின பத்துச் செடியைத் தொட்டியில வைங்க. பத்து ஊர்க் கொடியில ஒவ்வொரு இழை கொண்டாந்து மேல போடுங்க."

எட்டு நாள் கழித்து, பிரகாசி வீட்டு வாசலில் வைத்த தொட்டிகளை இருவரும் பார்த்தார்கள்.

ஒன்பது இழைகள் காய்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் செடியை இறுக்கிச் சுற்றியிருந்தது.

"எல்லாம் ஒரே மஞ்சள்தானே, தாயி!"

"உங்க கண்ணுக்கு. அது பத்தும் பத்து விதம், உங்க செடி பத்தும் ஒரே விதம். அதுங்க யாரும் முறத்தோட உட்கார்ந்து கலப்பு விதையைப் பொறுக்கி எறியலை, அண்ணே."

மிக்கேலுக்கு முகம் சிவந்தது.

"நூல் மாதிரி இருக்கு, இதுகிட்டயா நான் தோப்பேன்? மாட்டேன்."

அவள் தன் வீட்டை ஒட்டிய வரப்பைக் காட்டினாள். உளுந்து குட்டையும் நெட்டையுமாகக் கண்டபடி நின்றது. சில செடிகளில் கொடி ஏறியிருந்தது. சிலவற்றில் கருகியிருந்தது. பாதிக்கு மேல் காய் பிடித்திருந்தது.

"இது ஏது?"

"என் கோழிக்குன்னு நீங்க எறிஞ்ச கலப்புதான், தின்னது போக முளைச்சுது. போன வருஷம் காய்ச்சது ஒரு பானை உள்ள இருக்கு."

அவர் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பு, பழுப்பு, பச்சை, பொடிசு, பெரிசு.

"இதுல ஜெயிக்கிறது எது? அதைப் பிரிச்சுக் குடு."

"இந்த வருஷம் ஜெயிக்கிறதா, அடுத்த வருஷம் ஜெயிக்கிறதா?"

மிக்கேல் அவளை முறைத்தார். பிறகு முழங்கை வரை கையை விட்டு, பானையை அடியோடு கிளறினார்.

"எட்டு வீட்டையும் வரச் சொல்லு," என்றார். "எவனாவது முறத்தோட வந்தா, உதைப்பேன்."